வழுவும் அதற்குரிய விடையும்

மாந்தர் எழுதிய நிரல் கணினி இயக்கும் வடிவம் பெறுதற்கு முன், அதனைக் கட்டும் முறையை வகுத்துத் தரும் சிறு குறிப்பு ஒன்று உண்டு. எவ்வகையாய்க் கட்டுவது, எவற்றைச் சேர்ப்பது என்பனவற்றை அது கட்டுவோனிடமிருந்தே பெறும். அவன் தருவது பிழைபடின் அக்குறிப்பு யாது செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

2000ஆம் ஆண்டிற் பிறந்த சிமேக் என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன்கண் இயல்பாக அமைந்த கட்டும் வகைகள் நான்கு. அவற்றுள் டீபக் பிழை தேடுதற்கு உரியது. ரிலீஸ் பயன்படுத்துவோர் கையில் விரைந்தோடுதற்கு உரியது. ஒருவன் ரிலீஸ் என்பதனை 'ரிலெஸ்' எனப் பிழைபட எழுதினான் என்க. மேக் கோப்பின் வழிக் கட்டுங்கால் கருவி யாதொரு தடையும் கூறாது. அப்பெயர்க்குரிய கட்டளைகள் இன்மையின், விரைவூட்டும் கட்டளை எதுவுமின்றியே நிரல் உருவாகிவிடும். கட்டியவனோ எல்லாம் செவ்வனே முடிந்ததென மகிழ்வான். பன்னாள் கழித்து, நிரல் ஏன் தளர்ந்து நடக்கின்றதென்று வேறிடமெல்லாம் தேடி அலைவான்.

கருவியைப் பழித்தல் முறையன்று. புதுவகைகளை வகுத்துக்கொள்ள அஃது இடந்தருதலின், அறியாத பெயரையெல்லாம் மறுத்தல் அதற்கு ஒல்லாது. ஆகவே அக்கடமை குறிப்பெழுதுவோனைச் சார்கின்றது. ஏற்கத்தகும் பெயர்களை 'ஸ்ட்ரிங்ஸ்' என்னும் பண்பிற் சேர்த்துவிட்டாற் போதும் எனச் சிலர் கருதுவர். அது திரையில் தெரிவுப் பட்டியலைக் காட்டுமேயன்றி, பிறிதொரு பெயரைத் தடுப்பதில்லை. தந்த பெயர் பட்டியலில் உளதோ எனக் குறிப்பே வெளிப்படையாய் வினவுதல் வேண்டும்.

இல்லையெனின் உணர்த்துதற்கு 'மெசேஜ்' என்னும் கட்டளை உளது. அதன் 'வார்னிங்' நிலை எச்சரித்து மேற்செல்லும்; நூறு வரிகளுக்கிடையே அதனைப் படிப்பார் அரியர். 'சென்ட் எரர்' எஞ்சியதையும் படித்து முடித்து, கட்டுதற்குரிய கோப்புகளை மட்டும் ஆக்காது விடும். பல பிழைகளை ஒருங்கே காட்ட நன்று. 'ஃபேட்டல் எரர்' அக்கணமே நிறுத்தும்.

நிறுத்தினாற் போதுமோ? 'வகை தவறு' என்னும் இரு சொல் யாருக்கும் வழிகாட்டாது. "கட்டும் வகையாகத் தந்தது ரிலெஸ், ஏற்பன டீபக், ரிலீஸ், மாற்றி மீண்டும் இயக்குக" எனின், படிப்பவன் வேறொருவரை வினவ வேண்டுவதில்லை. தந்த சொல்லை உள்ளவாறே எடுத்துக்காட்டல் இன்றியமையாதது. தன் கைப்பிழையைத் தானே கண்டுகொள்வான் அன்றோ?

நம் இலக்கண நூலார் வழுவமைதி என ஒன்று கூறுவர். வழுவை வழுவென அறிந்து, காரணம் காட்டி ஏற்பதே அது. அறியாது விழுங்குதல் அன்று. வகையொன்றும் எழுதாது விட்டவனிடத்து அவ்வமைதியைக் காட்டலாம்: குறிப்பே ரிலீஸ் எனக் கொண்டு, அவ்வாறு கொண்டமையை 'ஸ்டேட்டஸ்' நிலையில் ஒரு வரியாற் கூறிவிடுதல் அமையும்.