‘புட் ஆஃப்’ – பொருளும் வழக்கும்

ஆங்கிலம் கற்கப் புகும் நம் மாணவர் நீண்ட சொற்களைக் கண்டே அஞ்சுவர். ஆனால் அவர்களை இடறச் செய்வன பெரும்பாலும் எளிய சொற்களே. ‘புட்’ என்பது வைத்தல். ‘ஆஃப்’ என்பது அகலுதல். இவ்விரண்டையும் தனித்தனியே அறிந்த ஒருவர், நேர்காணல் ‘புட் ஆஃப்’ செய்யப்பட்டது என்னும் மடலைக் கண்டு, அது நீக்கப்பட்டதெனக் கருதி வாளாவிருப்பாராயின், வேலைவாய்ப்பையே இழப்பார்.

வினையோடு ஒரு சிறுசொல் இணைந்து புதுப்பொருள் தருவதைச் சொற்றொடர் வினை என்பர். ஆங்கிலத்தில் அயலார்க்குப் பேரிடர் தருவது இதுவே என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சுட்டினார்.

‘புட் ஆஃப்’ உணர்த்தும் பொருள்களுள் மூன்றை இங்குக் காண்போம்.

1. காலம் தாழ்த்தல்: ‘தே புட் ஆஃப் த மீட்டிங்’ – கூட்டத்தைத் தள்ளிப்போட்டனர். இதனையடுத்து வினை வரின் ‘இங்’ ஈறு பெறும். ‘புட் ஆஃப் கோயிங்’ என்பதே முறை. ‘புட் ஆஃப் டு கோ’ என்பது வழு.

2. மனம் விலகச் செய்தல்: ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ – அந்நாற்றம் எனக்கு வெறுப்பூட்டியது.

3. விளக்கை அணைத்தல்: இப்பொருளில் ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘டர்ன் ஆஃப்’ என்பனவே இன்று மிகுதியும் வழங்குகின்றன.

சொற்கள் நிற்கும் முறையும் அறியத்தக்கது. ‘மீட்டிங்’ போன்ற பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். பெயருக்கு மாற்றாக வரும் ‘இட்’, ‘மீ’ போன்றவை நடுவிலேயே நிற்கும். ‘புட் இட் ஆஃப்’ சரி. ‘புட் ஆஃப் இட்’ பிழை.

இனி, இதனோடு மயங்கும் ‘கால் ஆஃப்’ என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். இது ஏற்பாட்டை அறவே கைவிடுதலைக் குறிக்கும். வழக்கு ‘தள்ளிவைக்கப்பட்டது’ என்பதற்கும் ‘தள்ளுபடியானது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரில் எழுத்தறியாதவரும் அறிவர். ‘புட் ஆஃப்’, ‘கால் ஆஃப்’ ஆகியவற்றின் வேறுபாடும் ஏறத்தாழ அத்தகையதே.

ஆகவே, இவ்வகை ஆட்சி நமக்குப் புதிதன்று. ‘தள்ளிப்போடு’ என்பதை நோக்குவோம். நாளைத் தள்ளிப்போடுகையில் கையால் எதனையும் தள்ளுவதில்லை, போடுவதுமில்லை. இரண்டும் கூடியே காலத்தாழ்வை உணர்த்துகின்றன. ஆங்கிலத்தில் துணைச்சொல் வினைக்குப் பின் நிற்கும். தமிழில் முன் நிற்கும். எனவே இத்தகைய வினைகளைப் பிரித்து மனனம் செய்யாது, இணையாகவே ஒரு முழுத்தொடரில் அமைத்து எழுதிப் பழகுவோமாக. அங்ஙனம் பழகின், தாய்மொழி அறிவே அயல்மொழிக்கும் திறவுகோலாய் அமையும்.