உணவில் விளங்கும் வரலாறு

ஒரு நாட்டை அறிய விரும்புவோர் அந்நாட்டின் மாடமாளிகைகளையும் கோட்டை கொத்தளங்களையும் கண்டு மீள்வதோடு அமைதல் போதாது. அந்நாட்டு மக்கள் எதனை உண்கின்றனர், எவரோடு அமர்ந்து உண்கின்றனர், எந்நாளில் அடுப்பு மூட்டாதிருக்கின்றனர் என்பவற்றையும் காணுதல் வேண்டும். இவ்வுண்மைக்கு இஸ்ரேல் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். 1948ஆம் ஆண்டில் அமைந்த அந்நாட்டிற்குப் பல தேயங்களிலிருந்தும் யூதர்கள் வந்து குடியேறினர். அவர்களுள் பலர் வீட்டையும் பொருளையும் விட்டு வந்தனர். ஆயினும் தத்தம் சமையல் முறையை மட்டும் விட்டாரில்லை.

எருசலேம் நகரில் மகனே யெகூதா என்னும் பெரிய அங்காடி உள்ளது. வெள்ளிக்கிழமை காலையில் அங்குச் செல்லும் பயணி மக்கள் வெள்ளத்தில் நீந்தியே நடத்தல் வேண்டும். ஒருபால் ஊறவைத்த ஒலிவக் காய்களும், ஒருபால் பேரீச்சையும் மாதுளையும் குவிந்து கிடக்கும். சடைபோற் பின்னிச் சுட்ட 'ஹல்லா' என்னும் ரொட்டியை வாங்கப் பலரும் நெருங்கி நிற்பர். பொழுது சாயச் சாயக் கடைகள் ஒவ்வொன்றாக அடைபடும். பின்னர், ஓய்வுநாள் வந்ததென அறிவிக்கும் சங்கொலி நகரெங்கும் கேட்கும்.

'சப்பாத்து' எனப்படும் அவ்வோய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவில் விண்மீன்கள் தோன்றும் வரை நீடிக்கும். அந்நாளில் தீ மூட்டலும் சமைத்தலும் கூடா என்பது யூத சமய விதி. அந்நகரின் யூதப் பகுதிகளில் பெரும்பாலான கடைகள் திறவா, பேருந்துகளும் ஓடா. இதனை முன்னரே அறியாத பயணி, கையில் காசிருந்தும் பசித்திருக்க நேரும்.

அவ்வாறாயின், ஓய்வுநாளில் சூடான உணவு கிடைப்பது எவ்வாறு? வெள்ளி மாலைக்கு முன்பே அவரை விதை, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியவற்றை ஒரே கலத்திலிட்டு மெல்லிய சூட்டில் வைத்துவிடுவர். இரவெல்லாம் வெந்து மறுநாள் உணவாகும் இது 'ஹமீன்' எனப்படும். ஏமன் நாட்டிலிருந்து வந்தோர், மாவை மெல்லியதாக விரித்துக் கொழுப்புத் தடவிச் சுருட்டி, இரவு முழுதும் சூட்டடுப்பில் வைப்பர். காலையில் துருவிய தக்காளியோடும் அவித்த முட்டையோடும் உண்ணப்படும் இப்பண்டம் 'ஜஹ்னூன்' ஆகும். தடையாகத் தோன்றிய விதியே புதிய சமையலுக்குத் தாயாயிற்று.

1950, 1951ஆம் ஆண்டுகளில் ஈராக்கிலிருந்து ஏறத்தாழ 1,20,000 யூதர்கள் விமானங்களில் வந்து சேர்ந்தனர். பொரித்த கத்தரிக்காயையும் அவித்த முட்டையையும் ரொட்டியினுள் வைத்து உண்ணும் 'சபிஹ்' அவர்கள் வழிவந்த உணவு. அதன்மேல் ஊற்றும் புளித்த மாங்காய்க் குழம்பின் பெயர் 'அம்பா'. மராத்தி மொழியில் 'ஆம்பா' என்பது மாவைக் குறிக்கும். பம்பாயில் வாணிகம் செய்த பாக்தாத் வணிகர் வழியாக இது அங்குச் சென்றது என்பர். இங்ஙனம் இந்திய மண்ணின் சுவை இரு கடவை கடந்து எருசலேம் தெருவை அடைந்தது.

இறைச்சியையும் பாலையும் ஒருங்கே உண்ணலாகாது என்பது மற்றொரு விதி. அவ்விதியைப் போற்றும் இறைச்சி உணவுச்சாலையில் பால் கலந்த காப்பி கேட்டால் கிடைக்காது. அது விருந்தினரைப் புறக்கணித்தலன்று. தம் நெறி பிழையாமையேயாம்.

இனி, கொண்டைக்கடலையை அவித்து எள்விழுதோடு அரைத்த 'ஹும்முஸ்', ஊறவைத்த கடலையை அரைத்து வடைபோற் பொரித்த 'ஃபலாஃபல்' ஆகியவற்றை யூதரும் அரேபியரும் ஒருங்கே விரும்புவர். இவை அப்பகுதி அரேபியர் நெடுங்காலமாக உண்டுவரும் உணவுகள். இஸ்ரேல் குடிமக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அரேபியரே. 1948ஆம் ஆண்டுப் போரில் பாலஸ்தீன அரேபியர் ஏறத்தாழ ஏழு இலக்கம் பேர் தம் வீடுகளை இழந்தனர். ஆதலின், இவ்வுணவுகளை இஸ்ரேலின் தேசிய உணவு என்று ஒருவர் கூறும்போது, வீட்டை இழந்தோர் உள்ளம் தம் அடுப்பும் பறிபோயிற்றென வருந்துகிறது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இஸ்ரேலில் நிகழ்ந்த தாக்குதலிலும், தொடர்ந்து மூண்ட போரிலும் மிகப் பலர் மாண்டனர். காசாப் பகுதியில் பசி பெருந்துயராயிற்று. ஒருபால் அங்காடி நிறைந்திருக்க, நெடுந்தொலைவில்லாத மற்றொருபால் மக்கள் ஒரு பிடி மாவுக்கு ஏங்கினர்.

ஒரே பண்டத்தை உண்பதனாலேயே பகை தீர்ந்துவிடாது. எனினும், ஒரு பண்டம் எவ்வெவர் கைகளைக் கடந்து வந்தது என்று கேட்டறிபவன், எவர் துயரையும் எளிதாக எண்ணான். அயல்நாடு செல்வோன் சுவையை மட்டும் நாவால் அறிந்து மீள்வானாயின், அவன் பயணம் பாதியேயாகும். உணவை இட்டவர் இழந்தது யாது, காத்தது யாது என்பதையும் செவியால் கேட்டு வருவானாயின், அப்பயணமே நிறைவுடையது.