முகத்துக்கு எந்தக் கிரீம்?

பெங்களூர் பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உள்ளன. வேலை முடிந்து இரண்டு பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்போமா?

"என்ன தங்கச்சி, முகத்தை மூடிக்கிட்டே நிக்கிறே?"

"முகமெல்லாம் பரு அக்கா. அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வர்றாங்க. மருந்துக் கடையில ஒரு கிரீம் கொடுத்தாங்க. நாலே நாள்ல முகம் பளபளன்னு ஆச்சு. இப்போ போடாம விட்டா எரியுது, சிவக்குது. பருவும் முன்னைவிட அதிகமாயிடுச்சு."

"டாக்டர் சீட்டு இல்லாமலா வாங்கினே?"

தங்கைக்கு என்ன நடந்தது? தெரிந்து கொள்வோம்.

பரு ஏன் வருகிறது?

நம் தோலுக்கு அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. வளரும் வயதில் அவை அதிக எண்ணெயைச் சுரக்கும். தோலின் சிறு துளைகள் அடைபடும். அங்கே கிருமி பெருகும். அதுவே பரு. அழுக்கினால் மட்டும் வருவதல்ல. ஆகவே அழுத்தித் தேய்க்காதீர்கள். கிள்ளாதீர்கள். கிள்ளினால் தழும்பு விழும்.

நல்ல மருந்து உண்டா?

உண்டு. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகளை மருத்துவர் தருவார். பலன் தெரிய 2 மாதம், 3 மாதம் ஆகலாம். பொறுமை வேண்டும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகள் இதை உண்ணவே கூடாது. குழந்தை ஊனமாகப் பிறக்கலாம்.

நாலு நாள் பளபளப்பு

தங்கை பூசியது ஸ்டீராய்டு கலந்த கிரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். இவை விஷமல்ல. கரப்பான் போன்ற நோய்க்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் நல்லது. நிறம் வெளுக்க நாமே பூசினால் தோல் மெலியும். முகத்தில் முடி வளரும். பரு பெருகும்.

படர்தாமரைக்கும் சிலர் இதைப் பூசுகிறார்கள். அரிப்பு அடங்கும். ஆனால் பூஞ்சை உள்ளே பரவும். அதற்குப் பூஞ்சைக் கொல்லி மருந்தே வேண்டும். வீட்டில் மற்றவருக்கும் இருந்தால் எல்லோரும் சேர்ந்து மருந்து போட வேண்டும். துணிகளை வெயிலில் நன்றாக உலர்த்துங்கள்.

2018இல் மத்திய அரசு, சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக் கூடாது என்று விதித்தது. வெகுநாள் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது?

பெங்களூரில் மார்க்கெட் அருகே விக்டோரியா மருத்துவமனை, சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை. இரண்டும் அரசு மருத்துவமனைகள். கன்னடத்தில் "சர்ம ரோக விபாக" என்று கேளுங்கள். தோல் பிரிவைக் காட்டுவார்கள். பூசும் டியூப்பையும் கொண்டு போங்கள்.

உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் உடனே போங்கள். தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் தவறாமல் உண்டால் குணமாகும்.

கேள்விகள்

1. பருவை ஏன் கிள்ளக் கூடாது?
2. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு பூசினால் என்ன ஆகும்?
3. கர்ப்பிணிகள் எந்த மாத்திரையை உண்ணக் கூடாது?

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள கிரீம் டியூப்பை எடுங்கள். அதில் சிவப்புக் கோடு உள்ளதா? இருந்தால் அது மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து.