கட்சி கட்டுவதற்கு முன்

ஆரணி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. கொசப்பாளையத்துச் சிநேகிதனோடு உனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். "சவுதிப் பணத்தில் ஆடுகிற டீமுக்கா கொடி பிடிக்கிறாய்? எங்கப்பா பாஸ்போர்ட்டை அங்கே ஒரு காண்ட்ராக்டர் பிடுங்கி வைத்திருந்தது தெரியாதா?" என்று அவன் கேட்டானாம். நீ பதில் சொல்லாமல் குரூப்பை விட்டே வெளியேறினாயாம்.

உன் டீமான நியூகாசில் என்ற இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பின் கதையை விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1955க்குப் பிறகு உள்நாட்டில் பெரிய கோப்பை எதுவும் இல்லாத டீம், 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கு நீ அழுததில் தப்பே இல்லை. ஆனால் 2021 அக்டோபரில் கிளப்பின் 80 சதவீதத்தைச் சவுதி அரசின் முதலீட்டு நிதி வாங்கியபோது, அந்த ஊர்க்காரர்கள் சிலர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மைதானத்து வாசலில் கூத்தாடினார்கள். கிளப்பே கூப்பிட்டு அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்று. அடுத்த வருஷம் வந்த மாற்றுச் சட்டை வெள்ளையும் பச்சையும். கறுப்பு வெள்ளைப் பட்டைக்குப் பேர்போன டீம்! தறிக்காரனான என் கண்ணுக்கு இது தப்பாது. பணம் போடுகிறவன் சொல்வதுதான் நிறம்.

அதே ஊரில் வேறு மாதிரி ரசிகர்களும் உண்டு. இந்தப் பணம் சவுதி அரசு தன் பேரைக் கழுவிக்கொள்ளத்தான் என்று ஒரு குழு வெளிப்படையாகச் சொல்லி எதிர்க்கிறது. இன்னொரு குழு ஆட்ட நாளில் மைதானத்துப் பக்கத்தில் நின்று, இல்லாதவர்களுக்கு உணவுப்பொருள் சேர்க்கிறது. இவர்கள் டீமையும் விடவில்லை, முதலாளிக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. நீ இவர்கள் பக்கம் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"நம் ஊர் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பாய். இல்லைதான். கோர்வைச் சேலைக்கு மறுகரையில் நாடா தள்ள ஒரு சின்னக் கை வேண்டும். அந்தக் கைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்றிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, சொந்தக் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் கூடவே வந்தது. பாகிஸ்தானில் சியால்கோட் என்ற ஊரில் பந்து தைப்பதும் இப்படித்தான் வீடுகளில் நடந்தது, பிள்ளைகளும் தைத்தார்கள். உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பி, 1997இல் ஒப்பந்தம் போட்டு, தையலை வீட்டிலிருந்து கூடங்களுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் வீட்டை விட்டு வர முடியாத பெண்கள் பலருக்குக் கூலி போயிற்று. அதனால் டீமைத் தலைமுழுகு, பந்தைத் தொடாதே என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். தைக்கிறவர் யார், கூலி என்ன என்று கேட்கிறவனிடம் மட்டும் கோபப்படாதே.

இனி உன் சிநேகிதன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கத்தாருக்கு உலகக் கோப்பை கொடுத்த பிறகு, இந்தியா உட்பட ஐந்து தெற்காசிய நாட்டுத் தொழிலாளர்கள் 6,500க்கும் மேல் அங்கே இறந்ததாக 2021இல் கார்டியன் பத்திரிகை எழுதியது. எல்லாரும் மைதானம் கட்டியவர்கள் அல்ல, எல்லா வேலைக்காரர்களையும் சேர்த்த கணக்கு அது. வாதாடும்போது இதையும் சேர்த்துச் சொல், இல்லாவிட்டால் எதிராளி அங்கேயே பிடித்துக்கொள்வான். 2034 உலகக் கோப்பை சவுதிக்கு. 2024 டிசம்பரில் முடிவானபோது போட்டிக்கு வேறு நாடே இல்லை. அங்கே சிமெண்டு சுமக்க நம் ஜில்லாவிலிருந்தும் ஆள் போகலாம். உன் சிநேகிதன் கேட்டது அந்த வயிற்றெரிச்சலில். டீம் மேல் அவனுக்கு என்ன பகை?

 

பொங்கலுக்கு வரும்போது நீயே அவன் வீட்டுக்குப் போ, அவன் அப்பா இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. சவுதியில் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டுக்கொள். நடுவில் பேசாதே. சென்னையின் எஃப்சி ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில் எப்போது என்று பார்த்து எழுது, உங்கள் இருவர் டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் நான் பணம் அனுப்புகிறேன். அவன் அந்த டீமின் நீலச் சட்டை போடமாட்டேன் என்றால் விட்டுவிடு.

உன் மாமா