எம்பிராவை இணையத்துக்குக் கொண்டுவரும் வேலை

ஒலிப்பதிவும் தெரியும், கொஞ்சம் நிரலும் எழுத வரும் என்றால் உங்களுக்கு ஒரு துறை காத்திருக்கிறது. ஆப்பிரிக்க மரபுக் கருவிகளை யாரும் உலாவியில் வாசிக்கும்படி மென்கருவிகளாக்குவதுதான் அது. அருங்காட்சியகம், ஒலிக்காப்பகம், கணினி விளையாட்டு நிறுவனம் என்று பலருக்கும் இந்தத் திறமை தேவை. கோரா, பாலஃபோன் என எதையும் எடுக்கலாம். முதலில் கற்க ஏற்றது ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் எம்பிரா.

கருவியை முதலில் பாருங்கள். ஒரு மரப்பலகையில் 22 முதல் 28 வரை இரும்புப் பட்டைகள் இருக்கும். இரண்டு கட்டைவிரல்களும் மேலிருந்து அழுத்தித் தெறிக்கும். வலச் சுட்டுவிரல் அடியிலிருந்து மேலே தெறிக்கும். எந்தப் பட்டைக்கு எந்த விரலோ, அந்த விரலால்தான் பதிய வேண்டும். விரல் மாறினால் ஒலியும் மாறும். பலகையிலும், அதைச் செருகி வாசிக்கும் சுரைக்குடுக்கையிலும் சோடா மூடிகளோ சிப்பிகளோ கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தெறிப்புக்கும் அவை கூடவே அதிரும். புதிதாக வரும் பொறியாளர்கள் அந்த அதிர்வை இரைச்சல் என்று நினைத்து மென்பொருளால் துடைத்துவிடுகிறார்கள். தம்புராவின் குதிரையிலிருந்து நூலை உருவிவிட்டுச் சுருதி கேட்பது போன்ற காரியம் இது. இரைச்சல் நீக்கியை அணைத்து வையுங்கள். அறையை அமைதியாக்குவது உங்கள் பொறுப்பு.

பதிவு பொறுமையைக் கேட்கும். 24 பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மென்மை முதல் பலம் வரை 4 அழுத்தங்கள், ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து இயந்திரத்தனமாகிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் 4 மாற்றுப் பதிவுகள். மொத்தம் 384 கோப்புகள். ஒவ்வொன்றும் முழுதாக அடங்கும்வரை காத்திருங்கள். மூலப் பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். காப்பகங்கள் விரும்பும் தரம் அதுதான்.

அடுத்தது சுருதி. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எம்பிராவுக்கு எங்கும் செல்லும் ஒரே அளவு கிடையாது. செய்தவருக்குச் செய்தவர் மாறும். மென்பொருள் 'சரிசெய்யவா?' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு பட்டையின் சுருதியையும் சென்ட் கணக்கில் அளந்து, அட்டவணையாகக் கோப்புடன் சேருங்கள். 1954-இல் ஆப்பிரிக்க இசைக்கான பன்னாட்டு நூலகத்தைத் தொடங்கிய ஹியூ டிரேசி, கிராமம் கிராமமாக இசைக்கவைகளைக் கொண்டுபோய் இதே அளவீட்டைச் செய்தவர். இப்போது தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அந்த நூலகத்தின் பதிவுகள், இந்த வேலைக்கு வருபவர் கட்டாயம் கேட்க வேண்டியவை.

இணையப் பக்கம் எளிது. வெப் ஆடியோ போதும். ஆனால் எம்பிரா இசையில் இரண்டு பகுதிகள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து ஓடும். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு மௌனம் அந்த ஓட்டத்தைக் குலைக்கும். அதை வெட்டுங்கள், அல்லது வேறு வடிவத்துக்குப் போங்கள். ஹராரேயில் கைப்பேசியில் திறப்பவரை நினைத்து, முதலில் ஒரே ஒரு அழுத்த நிலையை மட்டும் இறக்குங்கள். மற்றவை பின்னால் வரட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டியது ஒப்பந்தம். எம்பிரா, மூதாதையர் ஆவிகளை அழைக்கும் 'பிரா' சடங்கில் வாசிக்கப்படுவது. எதைப் பொதுவில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று வாசிப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய ஊதியம் வேறு, பின்னால் தொகுப்பு விற்றால் வரும் பங்கு வேறு; இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். ஹராரேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்க வட்டார அறிவுசார் சொத்து அமைப்பு, மரபு அறிவையும் நாட்டார் கலை வெளிப்பாட்டையும் காக்க 2010-இல் ஸ்வாகொப்முண்ட் நெறிமுறையை ஏற்றது. அதைப் படித்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு உட்காருங்கள். கலைஞரை வெறும் ஒலிமூலமாக நடத்தும் நிறுவனம் எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேலை வேண்டாம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பத்துக் கருவிகளை அரைகுறையாகக் காட்டாதீர்கள். ஒன்று போதும்: முழுப் பதிவு, சுருதி அட்டவணை, உலாவியில் ஓடும் மாதிரி, செய்தவர் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், அனுமதிக் கடிதம். அந்தக் கடைசி நான்கும் இல்லாத கோப்பைக் காப்பகத்தில் யாரும் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது.