ஏற்றத்துக்குப் பத்துக் குதிரைவலு போதும், இறக்கத்துக்கு?

பெரகல சந்தியில் மூன்று திசைக்கு வீதி பிரிகிறது. ஹல்துமுல்லைப் பக்கமும் கொஸ்லந்தைப் பக்கமும் போகும் ஏ4 வீதி இரண்டு புறமும் கீழே சரிகிறது. ஏ16 மட்டும் அப்புத்தளைக்கு மேலே ஏறுகிறது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் ஏடிவி வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், ஏறும் வீதியைப் பற்றிய கேள்வி மட்டும்தான் வரும். இந்த மலையில் ஏறுமா? எத்தனை சீசீ? இன்னும் உயர்த்தலாமா? இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏறிய வண்டி எல்லாம் இறங்கியாக வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பணத்தைக் கொட்டுவதால்தான், வண்டி வாங்கும்போதும் சரி, கராஜில் விட்டு மாற்றும்போதும் சரி, நம்பிக்கைகள் தலைகீழாகிப் போகின்றன.

முதல் நம்பிக்கை, மலைக்குப் பெரிய என்ஜின் வேண்டும் என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 450 கிலோ, சரிவு 20 பாகை, வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை மேலே தூக்க மட்டும் தேவைப்படுவது ஆறு குதிரைவலுவுக்கும் குறைவு. மண்ணின் இழுவைக்கும் பெல்ட்டில் வீணாவதற்கும் தாராளமாகச் சேர்த்தாலும் பத்து, பன்னிரண்டைத் தாண்டாது. கேன்-ஆம் ரெனிகேட் 1000 போன்ற விளையாட்டு ரக ஃபோர் வீல் வண்டி தருவது சுமார் 90. சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் காற்று மெலிவதால் எந்த என்ஜினும் எட்டில் ஒரு பங்கு வலுவை இழக்கும் என்பது உண்மைதான். இழந்த பின்னும் மிஞ்சுவது தேவையைப் போல ஆறேழு மடங்கு. யமஹாவின் ராப்டர் 700, 2007இல் வந்த கிரிஸ்லி 700 இரண்டுமே 686 சீசீ. முன்னது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஓட்டப் பந்தய வண்டி, பின்னது நாலும் இழுக்கும், லோ கியரும் உள்ள வேலைக்கார வண்டி. சீசீயை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். தேயிலை மலைக்குள் கல் பதித்த பாதையில் இரண்டும் ஒன்றல்ல.

அதே 450 கிலோ, அதே சரிவில், அதே வேகத்தில் இறங்கும்போது என்ன நடக்கிறது? மேலே தூக்கச் செலவான வலு முழுவதும் இப்போது வண்டியைக் கீழே தள்ளுகிறது. சுமார் நாலு கிலோவாட். நாலு துணி ஸ்திரிக்கைப் பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடேற்றுவதற்குச் சமமான வெப்பம். என்ஜின் அதைத் தாங்காவிட்டால் பிரேக் தட்டுகள்தான் தாங்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் எண்ணெய் கொதிநிலையைத் தொட்டால் பிடி பஞ்சாகிவிடும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். பனிமூட்டமும் தூறலும் விடாத இந்தப் பக்கத்தில் அது வேகமாகவே நடக்கும் என்று எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

“ஃபோர் வீல் இருக்கிறதே, பிடிக்காதா?” என்பார்கள். பிரேக் எப்படியும் முன்னும் பின்னும் பிடிக்கிறது. ஃபோர் வீல் அதற்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் அரைகுறையாகிவிடும். இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. என்ஜின் பிடி பின்சக்கரத்துக்கு மட்டும் போனால், இலேசான அந்தப் பின்பக்கம் ஈரக் களியில் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பும். பிடி நாலு சக்கரத்துக்கும் பகிரப்பட்டால் வண்டி நேராக இறங்கும். ஆக ஃபோர் வீல் இறக்கத்திலும் உதவும். எந்த வகை ஃபோர் வீல் என்பதுதான் கேள்வி. பொலாரிஸ் வண்டிகளில் பின்சக்கரம் வழுக்கினால்தான் முன்சக்கரம் தானாக இணையும். இறக்கத்தில் முன்சக்கரம் தன் போக்கில் உருண்டுவிடும். அதைத் தடுக்கும் ஆக்டிவ் டிசென்ட் கன்ட்ரோல் எல்லா மாடல்களிலும் இல்லை. பெல்ட் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏடிவியில் எக்சலேட்டர் கட்டைவிரலில் இருக்கிறது. விரலை எடுத்ததும் முன் புல்லி விரிந்து பெல்ட்டை விட்டுவிடும் அமைப்பாக இருந்தால், வண்டி சைக்கிளைப் போல அவிழ்ந்து ஓடும். யமஹாவின் அல்ட்ராமேட்டிக் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுகியே இருக்கிறது. விரலை எடுத்தாலும் ஒருவழிக் கிளட்ச் என்ஜினோடு பிடித்து வைக்கிறது. விளம்பரத் தாளில் குதிரைவலுவுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

இப்போது டயருக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். 25 அங்குல டயரைக் கழற்றி 28 அங்குலம் போட்டால் வண்டி மூன்று அங்குலம் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். உயர்வது ஒன்றரை அங்குலம். மீதி ஒன்றரை அச்சுக்கு மேலே போகிறது. அந்த ஒன்றரைக்கு விலை என்ன? சக்கரத்தின் ஆரம் கூடுவதால் தரையில் கிடைக்கும் இழுவை 11 சதவீதம் குறையும். இழுவை குறைவதைப் பெரிய என்ஜின் சமாளித்துவிடும், விடுங்கள். அதே 11 சதவீதம் என்ஜின் பிடியிலும் குறைகிறது, பிரேக்கின் பிடியிலும் குறைகிறது. அதே பிரேக் தட்டு பெரிய சக்கரத்தை நிறுத்தப் போராடுகிறது. இதோடு இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டையும் பூட்டினால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட ஒன்பது சென்ரிமீற்றர் மேலே போகும். இரு சக்கரத் தடங்களுக்கு இடையே 96 சென்ரிமீற்றரும் ஆளோடு சேர்த்து ஈர்ப்பு மைய உயரம் 60 சென்ரிமீற்றரும் உள்ள வண்டி, நின்ற நிலையில் பக்கவாட்டில் புரளும் எல்லை 38 பாகைக்கு மேல்; ஒன்பது சென்ரிமீற்றர் உயர்ந்ததும் அது 35க்குக் கீழே வந்துவிடும். நாலு பாகைதானே என்று தோன்றலாம். மேட்டுப்பக்கச் சக்கரம் பத்து சென்ரிமீற்றர் கல்லொன்றில் ஏறினாலே ஆறு பாகை போய்விடுகிறது.

சேற்றுப் பந்தயக்காரர்கள் பெரிய டயர்தானே போடுகிறார்கள் என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. அவர்களுடைய சேறு சமதரையில் இருக்கிறது. கியர் விகிதத்தையும் கிளட்ச் எடைகளையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். தோட்டத்துப் பாதை வேறு. பாசி படிந்த கருங்கல்லில் ஆழமான பல் வைத்த சேற்று டயரின் இரப்பர் தொடுவது சில முனைகளில் மட்டும். களிமண்ணிலோ அது தோண்டுகிறது. தேயிலை மலையில் தண்ணீரைக் குறுக்கே திருப்பி மெதுவாக வடியவிடத்தான் தலைமுறைகளாகக் கான் வெட்டி வைத்திருக்கிறார்கள். நேர்க்கீழாக ஓடும் சக்கரத் தடம் மழை வந்தால் யாரும் வெட்டாத கானாகிவிடும். 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவை உண்டாக்கியது சக்கரத் தடம் அல்ல. ஆனால் அந்த மண்ணில் தண்ணீரைத் தவறான வழியில் விடுவதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. இந்த டயர்களுக்குப் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு பி.எஸ்.ஐ. போதும். மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் 25 ஏற்றினால் டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும். எண்ணெய் நிலையத்து மானி ஐந்துக்கும் எட்டுக்கும் வித்தியாசம் காட்டாது. குறைந்த அழுத்த மானி ஒன்றைத் தனியாக வாங்குங்கள். லிஃப்ட் கிட் விலையில் பல வாங்கலாம். அகலம் கூட்டும் ஸ்பேசர்கள் புரளும் எல்லையை உயர்த்துவது உண்மை, பேரிங்குகளைச் சீக்கிரம் தின்பதும் உண்மை. இரு பக்கமும் செடி நெருங்கிய பாதையில் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, ஃபோர் வீல் தார் வீதியில் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. மண்ணில் உட்சக்கரம் வழுக்கிக் கொடுக்கும். தாரில் வழுக்காது, வளைவில் வண்டியை நேரே தள்ளும். பெரகலவுக்கும் அப்புத்தளைக்கும் இடையில் நேரே போனால் எங்கே போவோம் என்று சொல்லத் தேவையில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து ஆசை கூடியிருக்கலாம். இலக்கத் தகடு இல்லாத வண்டிக்கு அந்த வீதியில் இடமில்லை என்பது மாறவில்லை.

வாங்கப் போகிறவர் விற்பவரிடம் சரிவான ஓரிடத்தைக் காட்டச் சொல்லட்டும். மேலே நிறுத்தி, ஃபோர் வீலையும் லோ கியரையும் போட்டு, பிரேக்கை விட்டு, வண்டி அசைந்ததும் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும். வண்டி நடக்கிறதா, உருள்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசலாம்.