கடைவாசல் கட்டத்தை நம்பலாமா?

செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மேல்சித்தாமூர், சமண மடத்தால் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சில்லறை கேட்கவில்லை; கண்ணாடிப் புட்டிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டுகிறார். அந்தக் கட்டத்தை நாம் ஏன் நம்புகிறோம்?

கியூஆர் எனப்படும் இக்கட்டம் 1994இல் ஜப்பானில் பிறந்தது. மோட்டார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண, டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவும் அவரது குழுவினரும் இதை உருவாக்கினர். மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள், கட்டம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைக் கேமராவுக்கு உணர்த்துகின்றன.

மாணவர்களே, கட்டத்தின் ஓரம் சற்றுக் கிழிந்திருந்தாலும் அது வேலை செய்வதைக் கவனித்திருப்பீர்கள். 7, 5 ஆகிய எண்களோடு அவற்றின் கூடுதல் 12ஐயும் எழுதி வைத்தால், 5 அழிந்துபோனாலும் 12இலிருந்து 7ஐக் கழித்து அதை மீட்டுவிடலாம் அல்லவா? இதைவிட நுட்பமான கணக்கு ஒன்றை 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்தனர். அதன் துணையால், மிக உயர்ந்த திருத்த நிலையில் அச்சிட்ட கட்டம், ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் மீள்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு கிழிசலைத்தான் அறியும், திருட்டை அறியாது. கட்டத்துக்குள் இருப்பவை பணம் பெறுபவரின் முகவரி போன்ற விவரங்களே. அதை யாரும் அச்சிடலாம். இரவோடிரவாக ஒருவர் தம் கட்டத்தை மேலே ஒட்டிவிட்டால், அதுவும் பிழையின்றிப் படிக்கப்படும். பணம் அவருக்குப் போய்ச் சேரும். ஆகவே வங்கியில் பதிவான பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்று இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025இல் விதித்தது. பின் எண்ணை அழுத்தும் முன் அப்பெயரைப் படித்து, "இது உங்கள் பெயர்தானே?" என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கடைக்காரருக்கும் ஒரு கவலை உண்டு. வாடிக்கையாளர் நீட்டும் திரையில் பச்சை நிற 'டிக்' தெரிகிறது. அது போலிச் செயலி வரைந்த படமாகவும் இருக்கலாம். ஏனெனில் அந்தப் போன் வாடிக்கையாளர் கையில் உள்ளது. மேசை மேல் உள்ள ஒலிப்பெட்டியோ தனி சிம் கொண்டது. 2016இல் தொடங்கிய யூபிஐ முறையில், வாங்குபவரின் வங்கியில் பணம் கழிந்து, விற்பவரின் கணக்கில் சேர்ந்த பிறகு, சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து அதற்குச் செய்தி வருகிறது. வாங்குபவர் தொட முடியாத வழி இது. சிக்னல் குறைந்து பெட்டி பேசாவிட்டால், கடைக்காரர் தம் கணக்கைத் தம் போனிலேயே பார்க்க வேண்டும்.

பின் எண் பணம் அனுப்பத் தேவை. பெறுவதற்குத் தேவையே இல்லை. "பரிசு விழுந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்" என்றால், போவது உங்கள் பணம்தான். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத நிலையில், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதி வகுத்தது. பின் எண்ணைத் தாமே சொன்னவருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் பாடநூலில் உள்ள கியூஆர் கட்டத்தின் நடுவில் சிறு காகிதத் துண்டு வைத்துப் படிக்கச் செய்யுங்கள். துண்டைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி, எப்போது படிக்க மறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே துண்டை மூலைச் சதுரம் ஒன்றின் மீது வைத்துப் பாருங்கள்.